சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு

அத்தியாயம் 6

"வாசல்லயே நில்லு. திருடனுக்குப் பொண்ணு குடுக்கறவன் காலு என் புது வூட்ல படக்கூடாது."

அருணகிரி இதைச் சொன்னபோது ரங்கசாமியின் வலது கால் வாசற்படிக்கு மேலே இருந்தது. அவர் அதை மெல்லப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை உதறி மறுபடியும் போட்டுக்கொண்டு, கேட்டுக்கு வெளியே போய், ரோட்டு ஓரமாக மலையைப் பார்த்து நின்றுவிட்டார்.

ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் விளைவிக்கிற மனிதர் அவர். ஒரே மகள் வெண்ணிலா. போன ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கும் எலக்ட்ரீஷியன் நவீன்குமாருக்கும் மலையில் நிச்சயதார்த்தம் நடந்தது. புதன்கிழமையே செய்தி மலையேறி வந்துவிட்டது. மாப்பிள்ளை வேலை செய்கிற பெரிய வீட்டில் எட்டு காயில், அதாவது எட்டுச் சுருள், ஒயரைக் காணோமாம். மாப்பிள்ளைதான் எடுத்தானாம்.

ரங்கசாமி சண்டைக்குப் போகவில்லை. முதல் பஸ் பிடித்து ஆரணிக்குப் போனார். அங்கே 'வரன் விசாரணை' என்று போர்டு மாட்டி, மாப்பிள்ளை குடிக்கிறானா, பெண்ணுக்குப் பழைய காதல் உண்டா என்று பன்னிரண்டு வருடங்களாகத் துப்பறிந்து சொல்கிற கலைவாணியின் முன்னால் உட்கார்ந்தார்.

"இம்மா, எனக்குக் கத வேணாம். நாளைக்குப் பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். அவன் எடுத்தானா, எடுக்கலியா? ஒரே வார்த்தை."

அந்த ஒரே வார்த்தைக்காகத்தான் வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, சந்தவாசலுக்கும் படவேட்டுக்கும் நடுவே மலையடிவாரத்தில் எழும்பிக்கொண்டிருந்த அந்த மாளிகைக்குள் கலைவாணி நுழைந்தாள். பின்னாலேயே அவளுடைய உதவியாளன் ரமேஷ். பத்து வருடம் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். வாயை மட்டும் இன்னும் நிறுத்தத் தெரியாதவன்.

"அக்கா, இது வூடா, கல்யாண மண்டபமா? உள்ள போறதுக்கே பஸ் விடணும் போல கீதே."

"வாயை மூடு."

"மூடிட்டா மூச்சு எப்படி விடறது? ஒரே சிமெண்ட் தூசி."

ஐயாயிரத்து நானூறு சதுர அடி. இரண்டு மாடி. சுவர்களில் குழாய் பதிக்க வெட்டிய பள்ளங்கள், ஆறாத காயம்போல மேலிருந்து கீழே இறங்கின. ஹாலின் நடுவே சிமெண்ட் மூட்டையின்மேல் நவீன்குமார் உட்கார்ந்திருந்தான். இருபத்தெட்டு வயது. கையில் இன்னும் நிச்சயதார்த்த மோதிரத்தின் புது மினுமினுப்பு. அவனைச் சுற்றிக் கொத்தனார்களும் சித்தாள்களுமாகப் பதினோரு பேர், வேலை செய்வதாகப் பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தார்கள்.

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம்," என்றார் அருணகிரி. வெல்ல மண்டி முதலாளி. பேச்சில் மட்டும் வெல்லம் கிடையாது. "அதுக்குள்ள ஒயரை வெச்சான்னா சரி. இல்லன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன். நீ இன்னா துப்பறியறியோ துப்பறி."

"நான் எடுக்கல மொதலாளி," என்றான் நவீன்குமார். காலையிலிருந்து நூறாவது முறையாக இருக்க வேண்டும். குரலில் உயிர் இல்லை.

அப்போது உள்ளேயிருந்து பாஞ்சாலி வந்தாள். அருணகிரியின் மனைவி. கையில் ஒரு தட்டு, தட்டில் எரியும் கற்பூரம். வீட்டுச் சாமான்களைத் தினமும் எண்ணுகிறவள் அவள்தான். ஒயர் குறைவதைக் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டவளும் அவள்தான்.

"பேசிக்கினே இருந்தா பொழுது போயிடும். தம்பி, இந்தா. அம்மனை நெனச்சி அணைச்சி சத்தியம் பண்ணு. நான் உட்டுர்றேன்."

நவீன்குமார் துள்ளி எழுந்தான். முதல் தடவையாக அவன் முகத்தில் ரத்தம் ஓடியது. வலது கையை நீட்டிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தான்.

அருணகிரி குறுக்கே பாய்ந்தார். வாயால் ஊதியே கற்பூரத்தை அணைத்தார்.

"புத்தி கீதா உனக்கு? இன்னும் பால்கூட காய்ச்சல. புது வூட்ல பொய் சத்தியம் வாங்குவாங்களா? போலீஸ் பாத்துக்கும். தட்டை உள்ள எடுத்துக்கினு போ."

பாஞ்சாலி முணுமுணுத்துக்கொண்டே போனாள். நவீன்குமாரின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. கலைவாணி அந்தக் கையைப் பார்க்கவில்லை. அருணகிரியின் நெற்றியில் திடீரென்று பூத்த வியர்வையைப் பார்த்தாள்.

"ஒயர் இருந்த ரூமைக் காட்டுங்க."

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. கதவில் பெரிய பூட்டு. உடைக்கப்படவில்லை, நெம்பப்படவில்லை.

"சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு அவன்கிட்ட, ஒண்ணு என்கிட்ட," என்றார் அருணகிரி. "என் வூட்ல நானே திருடுவனா?"

நியாயமான கேள்வி. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ரமேஷ்கூட ஆட்டிவிட்டு, கலைவாணி முறைத்ததும் கழுத்துச் சுளுக்கு எடுப்பதுபோல மாற்றிக்கொண்டான்.

"இவன் திட்டம் எனக்கு அன்னிக்கே தெரியும்மா," அருணகிரி ஒரு கோப்பைத் திறந்தார். "பாரு இந்த எஸ்டிமேட்டை. இருநூத்திப் பதினாலு பாயிண்டாம். நாப்பத்தாறு நாளாம். கெட்டி ஒயர் மட்டும் பதினாறு காயிலாம். எழுதறப்பவே அதிகமா எழுதிக்கறது, மிச்சத்தை வெளிய வித்துடறது. நாங்க இன்னா, மாடு மேய்க்கறமா?"

"ஒரு பாயிண்டைக் கூட அதிகமா எழுதல," நவீன்குமார் சீறினான். "ரூம் ரூமா நடந்து, டேப்பு புடிச்சி, லைட்டுக்கு இவ்ளோ, ஃபேனுக்கு இவ்ளோன்னு எழுதினது. ஆறு ஏசி கேட்டது யாரு? அதுக்குக் கெட்டி ஒயர் வேணாமா? பள்ளம் வெட்ட பதினோரு நாளு, ஒயர் இழுக்க பதினாலு நாளு. கொறச்சி எழுதிட்டு நடுவுல வந்து தல சொறியறவன் நான் இல்ல."

"பாத்தியா வாயை! நான் இவனுக்கு வேலை குடுத்ததே தப்பு. ரஞ்சித்குமார்னு ஒரு எலக்ட்ரீஷியன், தங்கமான பையன். பாரு அவன் எழுதின எஸ்டிமேட்டை. முப்பதே நாளு! வயசுப் பையன்னு ஊர்ல சிபாரிசு பண்ணாங்களேன்னு இவனைச் சேத்தேன்."

அருணகிரி இன்னொரு தாளையும் கலைவாணியின் கையில் திணித்தார். அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். கல்யாண ஜாதகங்களை வருடக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்த கண்கள். ரஞ்சித்குமாரின் தாளில் பாதி வரை இறங்கிய விரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல மேலும் இறங்கியது.

"நவீன், காணாமப் போன எட்டும் கெட்டி ஒயர்தானே?"

"ஆமாங்க."

"என்ன கலரு?"

ஹாலில் யாரோ சிரித்தார்கள். ரமேஷ் கிசுகிசுத்தான். "அக்கா, பொடவைக் கடைக்கா வந்திருக்கோம்? கலர் கேக்கறீங்க. பார்டரும் கேட்டுருங்க."

நவீன்குமார் மட்டும் சிரிக்கவில்லை. "பதினாறு காயில்ல சிவப்பு நாலு, மஞ்சள் நாலு, நீலம் நாலு, கறுப்பு நாலு வாங்கினோம். இப்போ எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு இல்ல."

"அதாவது, போனது ரெண்டு சிவப்பு, ரெண்டு மஞ்சள், ரெண்டு நீலம், ரெண்டு கறுப்பு."

"ஆமாங்க."

"ரமேஷ், நீ திருடன்னு வெச்சுக்கோ."

"எதுக்கு வெச்சுக்கணும்? வெளிய நிக்கிற பெரியவரு ஏற்கனவே அப்படித்தான் பாக்கறாரு."

"செம்புக்காக ஒயர் திருடற. இருட்டு ரூம். அவசரம். எதை எடுப்ப?"

"மேல கீறதை எடுப்பேன். கதவுக்குக் கிட்ட கீறதை எடுப்பேன். உரிச்சி வித்தா உள்ள கீற செம்பு ஒரே கலருதானே." சொல்லிவிட்டு ரமேஷ் சட்டென்று நிறுத்தினான். "ஆமா... எதுக்கு அவன் ஜோடி ஜோடியா எடுத்தான்?"

கலைவாணி உள்பக்கம் திரும்பினாள். "பாஞ்சாலி அம்மா, நீங்க எப்போ எண்ணினீங்க?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "வெள்ளிக்கிழமை எண்ணேன், சரியா இருந்திச்சி. செவ்வாக்கிழமை எண்ணேன், எட்டு இல்ல."

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நவீன் நிச்சயதார்த்தத்துக்காக மலை மேல இருந்திருக்கான். ரங்கசாமி அய்யா வீட்டுலதான்."

"திங்கக்கிழமை வந்தான் இல்ல? அன்னிக்கு எடுத்திருப்பான்," அருணகிரி வெட்டினார்.

"எடுத்திருக்கலாம். நான் கொஞ்சம் பின்பக்கம் காத்து வாங்கிட்டு வர்றேன்."

"பின்னாடி இன்னா கீது? ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத இடத்துலதான் காத்து நல்லா வரும்."

வீட்டின் பின்பக்கச் சுவரோரமாக மூன்று சிமெண்ட் சாக்குகள் விரிக்கப்பட்டிருந்தன. கலைவாணி காலால் தள்ளினாள். புதுசாகப் பூசிய சிமெண்ட். அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

"ரமேஷ், உன் ஒரு எட்டு எத்தனை அடி?"

"கடன்காரனைப் பாத்தா நாலு அடி. சாதாரணமா ரெண்டரை."

"சாதாரணமா நட. இருநூத்தி நாப்பது எட்டு. எண்ணிக்கிட்டே அந்தக் கரும்பு வரப்பு மேல போ."

"எதுக்குக்கா?"

"இந்தத் தாள்ல பாரு." அவள் ரஞ்சித்குமாரின் எஸ்டிமேட்டைக் காட்டினாள். "பதினேழாவது வரி. 'மண்ணில் புதைக்கும் குழாய், அறுநூறு அடி.' கரண்டு கம்பம் எங்கே இருக்கு?"

ரமேஷ் திரும்பிப் பார்த்தான். "கேட்டாண்ட. வூட்லருந்து நாப்பது அடி இருந்தா அதிகம்."

"நாப்பது அடிக்கு எதுக்கு அறுநூறு அடி குழாய்?"

ரமேஷ் வரப்பைப் பார்த்துத் திரும்பினான். நடக்க ஆரம்பித்தான்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

வரப்பின் ஒரு ஓரமாக ஒரு முழ அகலத்துக்குப் புல் தலைகீழாகக் கிடந்தது. தோண்டி மூடிய மண் இன்னும் வரப்போடு சேரவில்லை. இரண்டு பக்கமும் ஆளுயரக் கரும்பு. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மனிதன் குழி தோண்டுவது தெரியவே தெரியாது.

"தொண்ணூத்தி எட்டு... தொண்ணூத்தி ஒம்போது..."

பின்னாலிருந்து ஒரு கத்தல். அருணகிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "ஏம்மா! அங்க போகாதீங்க! பாம்பு கீது! கண்ணாடி விரியன்!"

"அதுக்கு நாங்க இடைஞ்சல் பண்ண மாட்டோம் மொதலாளி," ரமேஷ் திரும்பாமலே கத்தினான். "நூத்தி முப்பது... ஐயோ, கலைச்சி உட்டுட்டாரே. நூத்தி முப்பத்தொண்ணு..."

அருணகிரிக்குப் பின்னால் பாஞ்சாலி. அவளுக்குப் பின்னால் நவீன்குமார். புருஷன் பாம்பு இருக்கிற பக்கமாக இவ்வளவு வேகமாக ஓடி அவள் பார்த்ததில்லை. அதனாலேயே வந்தாள்.

"இருநூத்தி முப்பத்தி ஆறு," என்று ரமேஷ் நின்றான். அவன் மூக்குக்கு நேராகப் பம்பு செட்டு அறையின் கம்பிக் கதவு.

கலைவாணி உள்ளே எட்டிப் பார்த்தாள். மோட்டார். ஸ்டார்ட்டர் பெட்டி. மோட்டாரை இப்போதெல்லாம் செல்போனிலேயே போட்டு நிறுத்துகிறார்கள். மாதக்கணக்கில் இந்தக் கதவை யாரும் திறந்திருக்க வேண்டியதில்லை. மூலையில் தரையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் தலைநீட்டியது. அதன் வாயிலிருந்து நாலு ஒயர் முனைகள், டேப் சுற்றி, இன்னும் எதிலும் இணைக்கப்படாமல் தொங்கின.

சிவப்பு. மஞ்சள். நீலம். கறுப்பு.

நவீன்குமார் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். "த்ரீ பேஸ் கரண்டு லைன்," என்றான் மெதுவாக. "மூணு பேஸுக்கு மூணு கலரு, நியூட்ரலுக்குக் கறுப்பு. ஒரு காயில் தொண்ணூறு மீட்டரு. கலருக்கு ரெண்டு சேத்தா நூத்தி எம்பது. அறுநூறு அடிக்குக் கொஞ்சம் கம்மி." அவன் கலைவாணியின் பக்கம் திரும்பினான். "எனக்கு இது தோணவே இல்லைங்களே."

"திருடன்னு நாலு பேர் சுத்தி நின்னு கத்தினா, யாருக்கும் ஒண்ணும் தோணாது."

"இன்னா நடக்குது இங்க?" என்றாள் பாஞ்சாலி. யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

கலைவாணி அவளுக்காக நிதானமாகச் சொன்னாள். "விவசாய பம்பு செட்டுக்குக் கரண்டு இலவசம். வீட்டுக்குக் காசு. ஆறு ஏசியும் ஓடினா மாசம் எவ்வளவு வரும்னு உங்க வீட்டுக்காரர் கணக்குப் போட்டிருக்கார். இங்கருந்து வீட்டுக்கு லைன் இழுத்துட்டா செலவே இல்ல. நவீன், உன்கிட்டக் கேட்டாரா?"

"பம்பு செட்டு எவ்ளோ தூரம்னு ஒரு நாளு கேட்டாரு. எதுக்குன்னு கேட்டேன். அப்பறம் பேசல."

"எதுக்குன்னு கேக்கற ஆள் அவருக்கு ஆகாது. கேக்காத ஆள் ரஞ்சித்குமார். நீ மலைக்குப் போன ரெண்டு நாள்ல ஆள் வெச்சுத் தோண்டி, லைனை இழுத்து மூடிட்டாங்க. ஒயர் உன் ரூமுல இருந்தது. புதுசா எதுக்கு வாங்கணும்? சாவிதான் இருக்கே."

"பொய்!" அருணகிரி உறுமினார். "ஒரு ஒயரைப் பாத்துட்டு இன்னா வேணா சொல்லுவியா? இவனே இழுத்திருப்பான்!"

"எனக்கும் கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு. நீங்கதான் தீத்து வெச்சீங்க." கலைவாணியின் குரல் ஏறவில்லை. "நானும் நிறைய பஞ்சாயத்து பாத்திருக்கேன். பொருளைப் பறிகொடுத்தவன் கேக்கற மொதல் விஷயமே சத்தியம்தான். பண்ண மாட்டேன்னு பின்வாங்கறவன் திருடனா இருப்பான். இங்கே தலைகீழா இருந்துச்சு. திருடன்னு பேர் வாங்கினவன் கையை நீட்டிக்கிட்டு ஓடி வர்றான். பறிகொடுத்தவர் ஊதி அணைக்கறார். பொய் சத்தியம் பண்ணா அம்மன் அவனைத்தானே கேக்கும்? உங்களுக்கு ஏன் வேர்த்துச்சு? அவன் பண்ணப் போறது மெய் சத்தியம்னு அந்தக் கூட்டத்துல தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். பழி உங்க வாசலுக்குத் திரும்பும்னு பயந்துட்டீங்க."

பாஞ்சாலி புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

அருணகிரி குரலை இறக்கினார். "சரி. நாலு செவுத்துக்குள்ள முடிச்சிக்கலாம். தம்பி, உனக்கு இன்னா வேணும் கேளு. கூலிக்கு மேல இருபதாயிரம்..."

"சர்வீஸு யாரு பேர்ல கீது?" பாஞ்சாலி கேட்டாள்.

அருணகிரி வேட்டி மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"கேக்கறேன் இல்ல? இந்த நெலம் எங்கப்பன் எனக்குக் குடுத்தது. கெணறு என் பேர்ல. கரண்டு சர்வீஸு என் பேர்ல. புடிச்சாங்கன்னா கேஸு யாரு மேல போடுவாங்க? ஏசியில நீ படுத்துனு இருப்ப, ஸ்டேஷன்ல நான் நிப்பேனா?"

"பாஞ்சாலி, இன்னும் கனெக்சனே குடுக்கல..."

"அதான் எங்கிட்ட மறைச்சியா? நான் காயிலை எண்ணிட்டேன்னு, அந்தப் புள்ளய மாட்டி உட்டியா?"

மூன்று நாளாக நவீன்குமாரை நோக்கி நீண்டிருந்த அவளுடைய விரல், இப்போது புருஷனின் மூக்குக்கு நேராக நின்றது. ரமேஷ் கலைவாணியின் காதருகே குனிந்தான். "அக்கா, கண்ணாடி விரியன் கீதுன்னு சொன்னாரு இல்ல? உண்மைதான்."

நவீன்குமார் கம்பிக் கதவை விட்டுவிட்டுத் திரும்பினான்.

"எனக்கு உங்க இருபதாயிரம் வேணாம் மொதலாளி. பதினோரு பேரு முன்னாடி திருடன்னு சொன்னீங்க. அதே பதினோரு பேரு முன்னாடி இல்லன்னு சொல்லுங்க. ரோட்ல நிக்கறவரையும் உள்ள கூப்ட்டு வெச்சி சொல்லுங்க."

அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போயிருக்க வேண்டிய அருணகிரி, நாலரை மணிக்குத் தன் ஹாலின் நடுவே நின்றார். கொத்தனார்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். ரங்கசாமியை ரமேஷ் போய் அழைத்து வந்தான். அவர் படியேறி உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல் நின்றார்.

"ஒயரு கெடச்சிடுச்சி. தம்பி மேல தப்பில்ல," என்று அருணகிரி தரையைப் பார்த்துச் சொன்னார்.

"காலைல இவ்ளோ மெதுவாவா சொன்ன?" என்றாள் பாஞ்சாலி.

அருணகிரி தொண்டையைச் செருமினார். இந்த முறை மாடியில் எதிரொலித்தது. "நவீன்குமாரு திருடல! தப்பு என் மேல!"

கூட்டம் கலைந்தது. ரங்கசாமி கலைவாணியைப் பார்த்தார்.

"எடுக்கலை," என்றாள் அவள். அவர் கேட்ட ஒரே வார்த்தை.

அவர் தலையசைத்தார். ஆனால் முகம் இளகவில்லை. நவீன்குமாரின் பக்கம் திரும்பினார். "இந்த வூட்ல மீதி வேலை எத்தினி நாளு?"

"பதினெட்டு நாளு. ஆனா நான் செய்யப் போறதில்ல மாமா. இப்பவே சாமானை எடுத்துக்கினு கெளம்பறேன்."

"செய்."

நவீன்குமார் விழித்தான். "இவ்ளோ பேசினாங்க..."

"பாதியில உட்டுட்டுப் போனா நாளைக்கு இந்த ஆளு வேற கத கட்டுவான். பயந்து ஓடிட்டான்னு சொல்லுவான். ஒத்துக்கின வேலைய முடிக்காதவனுக்கு நான் பொண்ணு தரமாட்டேன். முடிச்சிட்டு, கூலிய எண்ணி வாங்கிக்கினு வா. பத்திரிகையில தேதிய அதுக்கு அப்பறமா போட்றேன். வெண்ணிலாவுக்கு நீயே போன் பண்ணு. ரெண்டு நாளா சோறு திங்கல அது."

இதற்குமேல் பேச அவருக்குத் தெரியாது. வெளியே நடந்தார். நவீன்குமார் செல்போனை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினான். கண்ணில் நீர் முட்டியது கீழே இருப்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்று இரண்டிரண்டு படியாக ஏறினான்.

"ஒரு நிமிஷம் நவீன்," கலைவாணி நிறுத்தினாள். "அந்த லைன் மண்ணுக்குள்ள இருக்கக்கூடாது. இன்னிக்கே தோண்ட ஆரம்பிக்கணும். இல்லன்னா நான் பாத்ததை நான் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிடுவேன். தோண்டி எடுக்க எத்தனை நாள் ஆகும்?"

தொழில்காரனிடம் தொழில் கேள்வி. அவன் பாதிப் படியில் நின்று கண்ணை மூடி யோசித்தான்.

"அறுநூறு அடி. ரெண்டு அடி ஆழம். ஒயரு வெட்டுப்படாம எடுக்கணும். ரெண்டு ஆளுன்னா ரெண்டு நாளு. பழக்கமில்லாத ஒரே ஆளுன்னா அஞ்சு நாளு."

"நாலு ஆளை வெச்சி ஒரே நாள்ல..." என்று அருணகிரி ஆரம்பித்தார்.

"எதுக்கு? நாலு வாயி ஊரெல்லாம் சொல்றதுக்கா?" பாஞ்சாலி கொத்தனாரின் சாமான்களுக்கு நடுவே குனிந்து, ஒரு மண்வெட்டியை எடுத்துப் புருஷனின் கையில் வைத்தாள். "ஒரே ஆளுதான் தம்பி. அஞ்சு நாளுன்னே எழுதிக்கோ."